உப்பு மாப்பிள்ளையின் ஏழாம் பாகம்

போன வாரம் கேளம்பாக்கத்தில் ஒரு பிரியாணிக் கடையில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். தொட்டிக்குள் வெள்ளை வெள்ளையாக அந்துருண்டைகள் கிடந்தன. குழாயைத் திறந்ததும் அந்த வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அந்துருண்டை என்றால் பட்டுப்புடவை வைத்த பீரோ ஞாபகம் வரும். எனக்குக் காதல் கதை ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். தண்ணீர் பாட்டுக்கு ஓட, நான் நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் நின்ற ஆள், "அக்கா, கழுவிட்டீங்கன்னா நவுருங்க" என்று சொன்ன பிறகுதான் சுயநினைவு வந்தது.

அதே கடைக்கு எதிரே, கோவளம் போகிற ரோட்டில், முன்பு ஒரு சின்னக் கடை இருந்தது. முன்பக்கம் ஜெராக்ஸ், பின்பக்கம் வாடகைப் புத்தகம். கடைக்காரரை எல்லோரும் அண்ணாத்த என்போம். அவர் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. பூச்சி அரிக்கும் என்று ஒவ்வொரு அடுக்கிலும் அந்துருண்டையைக் கைநிறைய அள்ளிப் போட்டிருப்பார். பூச்சி செத்ததோ இல்லையோ, படிக்கிறவர்களுக்குத் தலை சுற்றும். பழைய மகாபலிபுரம் ரோட்டு அடுக்குமாடிகளில் குடியிருந்த வெளிநாட்டுக் குடும்பங்கள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போகிற புத்தகங்களெல்லாம் அவரிடம்தான் வந்து சேரும். "ஜப்பான்காரங்க காலி பண்ணிக்கினு போனா மூட்ட மூட்டயா வரும்மா. எல்லாம் பொம்ம புக்கு. நீ படிப்பியா?" என்று கேட்டுத்தான் முதல் பாகத்தை என் கையில் திணித்தார்.

அப்போது நான் படூரிலிருந்து வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு வளர்ந்தவர்கள். அந்த வயல் அடுக்குமாடியானதும் அப்பா அதன் வாசலிலேயே செக்யூரிட்டியாக உட்கார்ந்துவிட்டார். எனக்கு மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்காவில் யாராவது குளியலறையில் வழுக்கி விழுந்தால், விழுந்த இடம், அடிபட்ட எலும்பு எல்லாம் பார்த்து இங்கே நாங்கள் அதற்கு ஓர் எண் போடவேண்டும். நாள் முழுக்க மற்றவர்களின் நோயைப் படிக்கிறவளுக்குக் கொஞ்சம் பேய்க் காதல் தேவைப்படாதா?

ஆங்கிலத்தில் பெயர்த்த ஜப்பான் படக்கதை அது, மங்கா என்பார்கள். கடலில் மூழ்கிச் செத்த இளவரசன் ஆவியாக அலைகிறான். கரையில் இருக்கும் ஒரு பெண்ணை அவள் முன்னோர்கள் என்றைக்கோ அவனுக்கு நிச்சயம் செய்துவிட்டார்கள். அவன் உட்கார்ந்து எழுந்த இடத்திலெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும். அதனால் நாங்கள் அவனுக்கு உப்பு மாப்பிள்ளை என்று பேர் வைத்தோம்.

நாங்கள் என்றேனே, இன்னொருத்தி ஷமீமா. எனக்கு அடுத்த சீட். கேளம்பாக்கம் மார்க்கெட்டில் அவள் அத்தா, அதாவது அப்பா, பிளாஸ்டிக் குடமும் பாயும் விற்கும் கடை வைத்திருந்தார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் அந்தக் கதையைப் புகழ்ந்து தள்ளினேன். "செம டீ. முதல்ல கட்டிப்புடிச்சி அழறாங்க, அப்புறம் சண்டை, அப்புறம் யார்னே தெரியாம போய்டறாங்க. முடிவுல இருந்து ஆரம்பத்துக்குப் போற கதை!"

ஷமீமா புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அப்படியே திருப்பி, நான் பின்னட்டை என்று நினைத்திருந்த பக்கத்தைத் திறந்தாள். "லூசு, இது வலது பக்கத்துலர்ந்து படிக்கணும். சின்ன வயசுலர்ந்து மதரஸாவுல அரபி ஓதறேன், எனக்குத் தெரியாதா எந்தப் பக்கம் தொறக்கணும்னு?" என்றாள். ஒரு பாகம் முழுவதையும் தலைகீழாகப் படித்துவிட்டு, அதைப் புதுமை என்று வேறு கொண்டாடியிருக்கிறேன். அலுவலகத்தில் ஒரு மாதம் என்னை வைத்துச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து தனியாகப் படிப்பதில்லை என்று ஒப்பந்தம். ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து, இடது ஏடு அவள் கையில், வலது ஏடு என் கையில். அவள் வேகமாகப் படித்துவிடுவாள். படித்தவுடன் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பாள். "ஆச்சா?" என்பாள். "இரு டீ" என்பேன். நான் தலையாட்டாமல் ஒரு பக்கம்கூட அவள் புரட்டியதில்லை. இப்போது நினைத்தால் அவளுக்கு எவ்வளவு பொறுமை என்று ஆச்சரியமாக இருக்கிறது.

கதை நல்ல கதை என்று சொல்லமாட்டேன். வரைந்தவருக்குப் பாதம் வரைய வராது போலிருக்கிறது. எல்லோரும் எப்போதும் புல்லிலோ அலையிலோதான் நிற்பார்கள். உப்பு மாப்பிள்ளையின் மச்சம் ஒரு பாகத்தில் இடது கன்னத்தில், அடுத்ததில் வலதில். இரண்டாம் பாகத்தில் செத்துப்போன அம்மா ஐந்தாம் பாகத்தில் சூப் பரிமாறுகிறாள். நடுவில் மூன்றாம் பாகம் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. அதில் உயிர்த்திருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். பெரிய குறை வேறு. அந்தப் பெண் வாயே திறக்கமாட்டாள். தன் மனதில் இருப்பதைச் சொல்ல வருவாள், உடனே இடி இடிக்கும். அல்லது அலை அடிக்கும். அவள் வாய்க்கு மேலே ஒரு குமிழி, அதற்குள் மூன்று புள்ளி, அவ்வளவுதான். "சொல்லித் தொலையேண்டி!" என்று ஷமீமா ஷேர் ஆட்டோவில் கத்த, முன்சீட்டுப் பெரியவர் பயந்துபோய் இறங்கவேண்டிய இடத்தைச் சொன்னார்.

நான்காம் பாகத்தில் எங்களுக்குள் சண்டையே வந்தது. "என்னோடு வருகிறாயா?" என்று அவன் கேட்கிறான். அவள் குமிழியில் புள்ளிகள். உடனே அவளைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் போய்விடுகிறான். சுற்றிலும் பூவாகக் கொட்டுகிறது. எனக்குப் புல்லரித்தது. ஷமீமா புத்தகத்தை மடக்கிவிட்டாள்.

"அவ சரின்னு சொல்லவே இல்லியே."

"வேணாம்னும் சொல்லலியே டீ."

"அதுக்கு? வாயத் தொறக்கலன்னா தூக்கினு போய்டுவானா?"

அன்று படூர் வரை அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை.

என் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் திருவிடந்தைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கல்யாணமாகாதவர்கள் அந்தப் பெருமாள் கோவிலில் மாலையைப் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றினால் சீக்கிரம் ஆகும். ஷமீமாவும் கூட வந்தாள். வெளியே மர நிழலில் ஐந்தாம் பாகத்தை மடியில் வைத்துக்கொண்டு, சத்தியமாகத் திறக்காமல், உட்கார்ந்திருந்தாள். மாலையோடு வந்த என்னைப் பார்த்து, "உப்பு மாப்ளதான் வேணும்னு வேண்டிக்கினியா?" என்றாள். மாலை எனக்கு. பலித்தது அவளுக்கு. அடுத்த சில மாதங்களில் அவளுக்கு நிக்காஹ் முடிவானது.

மாப்பிள்ளை செங்கல்பட்டில் மிக்சி, ஃபேன் கடை வைத்திருந்தார். பார்க்க நன்றாக இருந்தார். ஷமீமாவுக்கும் பிடித்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம் என்றுதான் முதலில் பேச்சு. அவள் அப்போதுதான் கோடிங் பரீட்சையில் தேறி, எங்கள் குழுவுக்கே மேலாளராகப் போகிற நிலையில் இருந்தாள். அந்தப் பரீட்சைக்கு அவள் படித்த படிப்பை நான் அறிவேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஆறாம் பாகம் பாதியில், அவள் பக்கம் புரட்டாமல் விரலை வைத்தபடியே இருந்தாள். நான் படித்து முடித்துவிட்டேன்; அவள் விரல் நகரவில்லை.

"நேத்து மாமியார் வூட்லர்ந்து வந்தாங்க. கல்யாணத்துக்கு அப்பறம் பொண்ணுக்கு இன்னாத்துக்கு வேலன்னாங்க."

"உங்க அத்தா இன்னா சொன்னாரு?"

"டீ குடிச்சாரு."

"நீ?"

அவள் விரல் நகர்ந்து அந்தப் பெண்ணின் குமிழிக்குள் இருந்த மூன்று புள்ளியில் போய் நின்றது. ஷேர் ஆட்டோ போய்க்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் வாய்க்கு வாய் பேசுகிறவள், வீட்டில் பெரியவர்கள் முன்னால் அந்தப் பொம்மைப் புத்தகப் பெண்தான் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கல்யாணத்தன்று காலை அண்ணாத்தவிடமிருந்து மிஸ்டு கால். பட்டுப்புடவையோடு ஓடினேன். "கடசி பாகம் வந்துகீது. ஒன்னே ஒன்னு. உங்க ரெண்டு பேருக்குன்னு எடுத்து வச்சேன்" என்றார். அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். கீழே ஆண்கள், மாடியில் பெண்கள். அறை முழுக்க மல்லிகையும் அத்தரும். அவற்றையெல்லாம் மீறி என் பையிலிருந்து அந்துருண்டை மணத்தது. முக்காட்டுக்குள்ளிருந்து ஷமீமாவின் தலை திரும்பியது.

"வந்துடுச்சா?" என்றாள், உதடு அசையாமல்.

"உம்."

"அவ சொல்றாளா இல்லியான்னு மட்டும் பாரு. சீக்கிரம். மேல வராங்க."

வருகிறவர்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன். நிக்காஹ் ஓதுமுன் வக்கீல் என்று ஒருவரும் இரண்டு சாட்சிகளும் பெண்ணிடம் வந்து சம்மதம் கேட்பார்கள். அன்று வக்கீல் அவளுடைய பெரியத்தா, அத்தாவின் அண்ணன். பெண் வெட்கத்தில் பேசாமல் இருந்தால், சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பெண்கள் அவசரமாக முந்தானையைத் தலைக்கு இழுத்தார்கள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் குனிந்து புத்தகத்தைத் திறந்தேன். கடைசிப் பக்கம். பக்கம் முழுக்க அந்தப் பெண்ணின் முகம். வாய் மூடியிருந்தது. மேலே ஒரு பெரிய குமிழி. அதற்குள் ஒன்றுமே இல்லை. புள்ளிகள்கூட இல்லை.

ஷமீமா கண்ணால் கேட்டாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் முகம் எப்படியோ ஆகிவிட்டது.

பெரியத்தா மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, "நிக்காஹ் செஞ்சு குடுக்க சம்மதமாம்மா?" என்று கேட்டார். மறுபடி கேட்டார். ஃபேன் ஓடுவதுதான் கேட்டது. அவள் சின்னம்மா, "வெக்கப்படுது பாய், சரின்னு எழுதிக்குங்க" என்றாள். பெரியத்தா எழுந்திருக்கப் போனார்.

"பெரியத்தா, இருங்க" என்றாள் ஷமீமா. குரல் உடைந்திருந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "நான் வேலைக்குப் போவேன். அதுக்கு ஒத்துக்கறேன்னு மாப்ள நிக்காஹ் பதிவு தஃப்தர்ல எழுதட்டும். எழுதினா சம்மதம்."

கீழே சேதி போனது. நாற்காலிகள் இழுபடும் சத்தம், யாரோ சத்தம் போடுவது, யாரோ அடக்குவது. மாப்பிள்ளையின் அம்மா வேகமாக வந்தார். "இன்னாம்மா இது, மண்டபத்துல வச்சுப் பேசற பேச்சா? வூட்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"வூட்ல யாரும் கேக்கல மாமி. இங்கதான் கேட்டாங்க."

அவள் அத்தா மாடியேறி வந்து வாசலிலேயே நின்றார். திட்டப்போகிறார் என்று ஷமீமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மகளைப் பார்த்தார். "இத அன்னிக்கே நான் கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறக்கலாமா வேண்டாமா என்று சமையல்காரர் கேட்டு ஆளனுப்பினார். அவருக்குக்கூடப் பதில் சொல்ல ஆளில்லை. கல்யாணம் நின்றுவிட்டது என்றே நான் முடிவு கட்டினேன்.

பெரியத்தா திரும்பி வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. "மாப்ள எழுதச் சொல்லிட்டாரு. எழுதியாச்சு. இப்ப சொல்லும்மா, சம்மதமா?"

"சம்மதம்." படிக்கட்டில் நின்ற ஆண்களுக்கே கேட்டிருக்கும்.

மறுநாள் அவளே போனில், "நீ படிச்சிடு, எனக்கு இப்போதைக்கு வேணாம்" என்றாள். ஏழாம் பாகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒழுங்காக வலது பக்கத்திலிருந்து படித்தேன். கதையின் கடைசியில் அந்தப் பெண் பேசுகிறாள். பக்கம் பக்கமாக, கொட்டாவி வருகிற அளவுக்குப் பேசுகிறாள். பேசிவிட்டு அவனோடு கடலுக்குள் போகிறாள். நான் மண்டபத்தில் பதறிப்போய், கை பழக்கத்தில், நம் புத்தகம்போல இடது பக்கத்திலிருந்து திறந்து, கண்ணில் பட்ட முதல் ஏட்டையே கதையின் முடிவு என்று நினைத்திருக்கிறேன். அங்கே இருந்தது கதை முடிந்த பிறகு வாசகர்களுக்காகப் போட்ட பக்கம். அடியில் பொடி எழுத்தில், இவள் என்ன சொல்கிறாள் என்று நீங்களே எழுதி அனுப்புங்கள் என்று போட்டிருந்தது.

இதைச் சொன்னதும் ஷமீமா மூச்சு வாங்கச் சிரித்தாள். "நல்ல வேள லூசு, நீ அந்தப் பக்கம் தொறந்த. அவ சொல்லிட்டான்னு நீ சொல்லியிருந்தா, அவ சொன்னதே போதும்னு நான் வாயத் தொறக்காம அழுதுகினு உக்காந்திருப்பேன்."

அப்புறம் அவள் செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து வருஷக்கணக்காக வேலைக்கு வந்தாள். பிள்ளை பெற்ற பிறகும் வந்தாள். மாப்பிள்ளை எழுதிக்கொடுத்த வார்த்தையை மீறியதில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அண்ணாத்தவின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். ஷேர் ஆட்டோவில் எல்லோர் கையிலும் தனித்தனித் திரை, யாரும் யாருக்காகவும் பக்கம் புரட்டாமல் காத்திருப்பதில்லை. உப்பு மாப்பிள்ளை முழுக்கதையும், அந்த மூன்றாம் பாகம் உட்பட, போனிலேயே கிடைக்கிறது. எனக்குத் திறக்கத் தோன்றவில்லை. எங்கள் அலுவலகமும் இல்லை. அமெரிக்காவில் விழுகிறவர்களுக்கு இப்போது கம்ப்யூட்டரே எண் போட்டுக்கொள்கிறது. முதலில் என்னை வேலையைவிட்டு அனுப்பினார்கள். ஷமீமாவைப் போன மாதம்தான் அனுப்பினார்கள்.

அந்துருண்டை வாசனை கையிலிருந்து போகுமுன் கடை வாசலில் நின்று அவளுக்குப் போன் செய்தேன். பழைய கதையெல்லாம் பேசினோம். அந்த சூப் பரிமாறிய செத்த அம்மாவை நினைத்துச் சிரித்தோம்.

"வேலைக்கு அனுப்பணும்னு அன்னிக்கு எழுதி வாங்கினேன்ல" என்றாள். "அவரு இன்னிக்கும் அனுப்பத் தயாராத்தான் கீறாரு. வேலதான் இல்ல. இத யார்கிட்ட போய் எழுதி வாங்கறது?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"பரவால்லியா டீ உனக்கு?" என்று கேட்டேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. பரவாயில்லை என்று நானாக எடுத்துக்கொண்டு போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அவள் சொல்லட்டும் என்று காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.