பீடத்தில் விரித்த மேசைச்சீலை

என்ர மனிசன் சர்வகலாசாலையில் படிப்பித்தவர். இங்கிலாந்தில் ஒரு சர்வகலாசாலை அவரை ஒரு வருசத்துக்குக் கூப்பிட்டபோது நானும் கூடப் போனேன். நான் மன்னார்க் கரையில் பிறந்தவள். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீசில் என்ர பெயரை மட்டும் எழுதுவேன். அதை அங்கே ஒருத்தருக்கும் காட்டவில்லை. இங்கிலீசு கொஞ்சம் வாசிக்கப் பழகிவிட்டேன் என்று இவரிடமும் சொல்லி வைத்திருந்தேன். பேராசிரியர்மாரின் பெண்சாதிமார் வந்தால் நிமிர்ந்துதான் இருப்பேன்.

போன முதல் கிழமையே பக்கத்து வீட்டுப் பேராசிரியரின் மனைவி ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்தா. கம்பளி, சட்டி, பீங்கான்கள், ஓரமெல்லாம் பின்னல் வைத்த ஒரு வெள்ளை மேசைச்சீலை. மேலே ஒரு கடதாசி. இவர் வாசிக்கக் கையை நீட்டினார்.

"நான் பாத்திட்டன். நல்லா இருங்கோ எண்டு எழுதியிருக்கினம்" என்று மடித்து வைத்துவிட்டேன்.

எங்கட ஊரில் புதுக்குடித்தனத்துக்கு அயலட்டை கொண்டுவந்து வைத்தால் அது வைத்தவர்களிடம் திரும்பிப் போகாது. அதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

கப்பலில் இவர் காய்ச்சலாய்க் கிடந்தபோது, ஊர் மாதாவுக்குப் பீடச்சீலை தாறன் என்று நேர்ந்திருந்தேன். அந்தப் பின்னலைக் கண்டதும் மாதாவே அனுப்பினது போல இருந்தது. பீடத்தின் அளவுக்கு வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, மாதா திருநாளுக்கு முன்னே சேர ஊரில் இருக்கிற அக்காவுக்குப் பார்சல் போட்டேன். விலாசம் இவர்தான் எழுதினார். என்ன துணி என்று கேட்கவில்லை.

வருசம் முடிய அந்த அம்மா வந்தா. பெட்டி, வந்து போகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரவல் கொடுப்பதாம். சீலை தன் தாய் பின்னியதாம், மகளின் கலியாண மேசைக்கு வேணுமாம். இவர் தமிழில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

மாதாவுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. அதைவிட, கடதாசியை வாசிக்கத் தெரியாமல் வாசித்தது போல நடித்தேன் என்று இவர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அயன் பெட்டியால மினுக்கேக்க எரிஞ்சு போச்சு, எறிஞ்சிட்டன் எண்டு சொல்லுங்கோ."

இவர் அப்படியே இங்கிலீசில் சொன்னார். அந்த அம்மா கதிரையில் இருந்துவிட்டா. கொஞ்சம் கழித்து என்ர கையைப் பிடித்து ஏதோ கேட்டா.

"என்னவாம்?"

"உன்ர கை சுட்டதோ எண்டு கேக்கிறா."

ஊருக்கு வந்த பிறகு முதல் ஞாயிறு பூசையில் இவர் பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து சேர்ட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"எரிஞ்ச சீலை எப்பிடியப்பா கடல் தாண்டி வந்தது?"

நேர்த்தியைச் சொன்னேன். அந்தக் கடதாசியில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். நான் அவர் கழற்றின சேர்ட்டை எடுத்து மடித்தேன். மேசையில் இருந்து பேனையை எடுத்தார்.

"அந்த மனிசிக்கு ஒரு கடிதம் எழுதுவம். நடந்ததை நீ சொல்லு, நான் இங்கிலீசில போடுறன்."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உலையைப் பார்த்திட்டு வாறன் என்று எழும்பிக் குசினிக்குப் போனேன். உலை இன்னும் கொதிக்கவில்லை. அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் பேனையை மூடி வைக்கிற சத்தம் கேட்டது.

அதன் பிறகு சாகும்வரை அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.