பொட்டு வைத்த ஈட்டித் தடிகள்

எங்கள் மர மில் முதலாளிக்கு உலகம் என்பது மரங்களின் பட்டியல். பர்மா என்றால் தேக்கு. கனடா என்றால் பைன். மலேசியா என்றால் பிளைவுட்டுக்கு ஆகும் மரம். செய்தித்தாளில் ஏதாவது ஒரு நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது என்று நான் படித்துச் சொன்னால், "அங்க என்ன மரமுங்க அம்மிணி?" என்றுதான் கேட்பார். அந்த வரிசையில் நம் நாட்டையும், ரோஸ்வுட் என்கிற ஈட்டி மரத்துக்காகச் சேர்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதிலும் எங்கள் ஊர் கஞ்சிக்கோட்டிலிருந்து, அதிலும் தன் மில்லிலிருந்து. ஆசைப்படுவதற்குக் காசா பணமா என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

எழுபதுகளின் நடுவில் அந்த ஆசைக்கு நிஜமாகவே ஒரு ஜெர்மனிக்காரர் வந்து சேர்ந்தார். அவருக்கு ஆங்கிலத்தில் கடிதம் தட்டுவதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள். அத்தனை ஆண்களுக்கு நடுவே நான் ஒருத்திதான் பெண். உறவுக்காரர்கள் வாயை மூடவில்லை. கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டே அப்பா ஒரு முடிவு சொன்னார்: "இந்த ஏத்துமதி நடந்துச்சுன்னா வேலைக்குப் போ. நடக்காட்டி ஊட்டோட இரு." அதற்குமேல் பேச்சில்லை. ஆகவே முதலாளிக்கு ஒரு ஜெர்மனி வேண்டும் என்றால், எனக்கு அதைவிட அவசரமாக வேண்டியிருந்தது.

ஜெர்மனிக்காரர் நெட்டையாக, வெயிலில் சிவந்துபோய், சிரிக்கத் தெரியாதவர்போல இருந்தார். உடும்பஞ்சோலை மலைப் பக்கமிருந்து லாரிகளில் வந்து இறங்கியிருந்த பெரிய மரத் தடிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவந்தார். வெட்டுமுகத்தில் தண்ணீர் தெளித்து, ஓடும் ரேகைகளை மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிடித்த தடிகளில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். அடையாளம் அடிக்கும் முத்திரைச் சுத்தியல் கொச்சியில் பெட்டியோடு கிடந்ததாம். கப்பலில் இடம் பேசிவிட்டு, சுத்தியலோடு வந்து அடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி அந்த வட்டங்களைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் மில்லில் அது சும்மா சுண்டல் விநியோகம் அல்ல. ரம்பப் பட்டையைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். சங்கிலி, கடப்பாரை, அளவு நாடா எல்லாம் குளித்து முடித்து சாமி படத்தின் முன்னால் வரிசையாக உட்காரும். வைத்ததை மறுநாள் விஜயதசமிப் பூஜை முடியாமல் யாரும் எடுக்கக் கூடாது. அடுத்த ஒரு வருஷம் ஒருவருக்கும் கை கால் போகாமல் இருக்க வேண்டுமே, அந்தப் பயம்தான். தடிகளுக்கும் குளியல் உண்டு. ஒவ்வொன்றின் வெட்டுமுகத்தையும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, சந்தனத்தில் மூன்று விரல் பட்டை போட்டு, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு வைப்பார்கள்.

பூஜையன்று காலையில் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனபோது அத்தனை தடியும் கல்யாண மாப்பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தன. அழகாகத்தான் இருந்தது. இரண்டு நிமிடம் ரசித்த பிறகுதான் சாக்பீஸ் வட்டங்கள் நினைவுக்கு வந்தன.

"மேஸ்திரி, அந்த வட்டமெல்லாம் எங்கீங்க?"

மேஸ்திரி பூ கட்டுவதை நிறுத்தவில்லை. "சாக்கட்டிக் கிறுக்கலோட சாமி கும்புட முடியுங்களா அம்மிணி? சுத்தமாத் தேச்சுக் கழுவிப்போட்டோம்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்தது. ஆனால் கத்த ஆரம்பிப்பதற்குள் வாசலில் ஒரு அம்பாசடர் வந்து நின்றது. ஜெர்மனிக்காரர் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே சுத்தியலோடு இறங்கினார்.

முதலாளி என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. "அம்மிணி, பெருசு பெருசாப் பாத்துக் கைகாட்டி, இதுதான் நீங்க எடுத்ததுன்னு சொல்லிப்போடு. கழுவிப்போட்டோம்னா நம்மளக் கூமுட்டைனு நெனச்சுக்குவான்."

நான் போய் ஜெர்மனிக்காரரிடம் பேசினேன். கொஞ்சம் நீளமாகவே பேசினேன். திரும்பியதும் முதலாளி ஆவலோடு கேட்டார்: "நம்பிட்டானா?"

"நல்லா நம்பிட்டாருங்க. உங்க வட்டத்தையெல்லாம் கழுவிட்டோம், எது உங்களுதுன்னு எங்களுக்கே தெரியாதுன்னு சொன்னேன்."

முதலாளி அப்படியே ஒரு தடிமேல் உட்கார்ந்துவிட்டார். தவறான தடி கப்பலேறினால் இந்த ஒரு ஏற்றுமதியோடு எங்கள் கதை முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லும் பொறுமை அப்போது இல்லை.

ஜெர்மனிக்காரர் கைக்குட்டையை எடுத்து, ரேகையைப் பார்க்க முதல் தடியின் பொட்டைத் துடைக்கப் போனார். மேஸ்திரி குறுக்கே பாய்ந்தார். "நாளைக்குக் காத்தால பூசை முடியறவரைக்கும் தொடப்படாதுங்க!" பின்னாலேயே ரம்பக்காரர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அவருடைய சிவந்த முகம் இன்னும் சிவந்தது. மைசூரிலும் ஈட்டி கிடைக்கும், இப்போதே அங்கே போகிறேன் என்றார். அவ்வளவுதான், நாளை முதல் கடலைக்காடு என்று எனக்கு அழுகை முட்டியது. பட்டுப்புடவையில் அழுதால் கறை படியும் என்று அடக்கிக்கொண்டேன்.

அவர் விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். நானும் ஓடினேன். அங்கே அம்பாசடரின் இருபுறமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. முன் கண்ணாடியில் சந்தனப் பட்டை. கொச்சியிலிருந்து வந்த டிரைவர் எங்கள் ஆட்களோடு சேர்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்.

"சாவி எங்கே?" என்று ஜெர்மனிக்காரர் கேட்டார்.

டிரைவர் பக்தியோடு உள்ளே கைகாட்டி, நாளைக்குத்தான் எடுக்கலாம் என்று மலையாளத்தில் சொன்னார். "பூஜைக்கு வெச்சு, சாரே. நாளெ எடுக்காம்."

கடப்பாரைக்கும் அளவு நாடாவுக்கும் நடுவில் ஒரு தட்டில் அந்தக் கார்ச் சாவி குங்குமத்தோடு கிடந்தது. ஜெர்மனிக்காரர் சாவியைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மனிதருக்குள் அவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. மேஸ்திரி சமயம் பார்த்து அவருடைய முத்திரைச் சுத்தியலையும் வாங்கிப் பொட்டு வைத்து சாமிமுன் சாய்த்துவிட்டார். அன்று மதியம் முதலாளி வீட்டில் அவர் மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தார்.

மறுநாள் காலைப் பூஜை முடிந்ததும் எல்லாத் தடிகளையும் கழுவினோம். அவர் மறுபடி ஆரம்பத்திலிருந்து தேர்ந்தெடுத்தார். முதல் தடவை உதட்டைப் பிதுக்கி ஒதுக்கிய, வாசல் ஓரமாகக் கிடந்த கோணல் தடி ஒன்றை இப்போது ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். மரம் அதேதான், மனிதருக்குத்தான் பாயசம் உள்ளே போயிருந்தது. இந்தத் தடவை சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டார். அவர் சுத்தியலால் அடிக்க அடிக்க, நான் எண் எழுதிக்கொண்டே போனேன். "தண்ணி இந்தப் பக்கம் ஊத்துங்க, அந்தத் தடியப் பொரட்டுங்க" என்று நான் போட்ட அதட்டலுக்கு ரம்பக்காரர்கள் ஓடினார்கள்.

ஏதோ தோன்றி நிமிர்ந்தபோது வாசலருகே அப்பா நின்றிருந்தார். வெள்ளைக்காரன் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று ஊருக்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையெல்லாம் சாக்பீஸோடு நான் ஆண்களை அதட்டியதை முழுவதும் பார்த்திருக்க வேண்டும். முதலாளி ஓடிப்போய் அவருக்கு நாற்காலி போட்டார்.

அப்பா உட்காரவில்லை. என்னையும் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதலாளியிடம் கேட்டார்:

"ஏனுங்க, நாளைக்குப் புள்ளைய எத்தன மணிக்கு அனுப்போணும்?"