கோட்டுக்குள் இருந்த கை

செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோ ஸ்டீபன் இறந்த செய்தியை அவர் மனைவி மேரிதான் காலையில் போனில் சொன்னார். "அண்ணா, அவரு போயிட்டாருங்க. தூக்கத்துலயே." பிறகு, "அஞ்சலி போஸ்டருக்குப் படம் கேக்கறாங்க. நல்லதா ஒண்ணுகூட இல்லீங்கண்ணா" என்றார். ஊரையெல்லாம் படமெடுத்தவருக்கு மிஞ்சியிருந்தது ஒரு பாஸ்போர்ட் படம்.

ஸ்டீபனை அறிந்தவர்களுக்கு அவர் கடைச் சுவரில் மாட்டியிருந்த இரண்டு அச்சுப் படங்கள் நினைவிருக்கும். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது, பழைய சாமான் கடைக்கு வந்தவை. மரச்சட்டத்துக்காக அவற்றை வாங்கிய ஸ்டீபன், படங்களைக் கழற்றி எறிய மனமில்லாமல் அப்படியே மாட்டிவிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் நாடக நடிகர்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவை. இரண்டிலும் அதே கோட்டு, அதே நாற்காலி, தொடையில் ஊன்றிய அதே தடித்த கை. முகமும் கீழே உள்ள பெயரும்தான் வேறு.

ஒரு நடிகருக்கு மவுசு குறைந்ததும், தகட்டில் அவர் முகத்தைச் சுரண்டிவிட்டு அடுத்தவர் முகத்தைச் செதுக்கி விற்றிருக்கிறார்கள். "உங்க பத்திரிகைல ஒரே செய்திக்கு ஊர் பேரை மட்டும் மாத்திப் போடுவீங்களே நிருபரே, அந்த வேலைதான்" என்று ஸ்டீபன் என்னைச் சீண்டுவார். பிறகு இரண்டாவது படத்தின் கையைக் காட்டுவார். "ஒல்லி மூஞ்சிக்கு இந்தக் கை எப்படிப் பொருந்தும்? பழைய ஆளு இன்னும் இதுக்குள்ள உக்காந்திருக்காரு."

இறந்தவரின் தலையைக் கோட்டு போட்ட உடம்பில் ஒட்டித் தருவது நம்மூர் ஸ்டுடியோக்களின் வழக்கம். ஆரம்பத்தில் ஸ்டீபன் அதைச் செய்ய மறுப்பார். ஒருமுறை நான் இருக்கும்போது, பரமத்தி வேலூரிலிருந்து வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர் தன் தகப்பனார் படத்துடன் வந்தார்.

"கோட்டு போடாத மனுசனுக்கு நான் மாட்ட மாட்டேனுங்க" என்றார் ஸ்டீபன்.

"ஏனுங்க, பொண்ணு கல்யாணத்துக்கே துண்டோட வந்து உக்காந்தவருங்க எங்கப்பன். செத்தாவது நல்லா உடுத்தட்டுமே."

ஸ்டீபன் அந்தக் கல்யாணப் படத்தை மட்டும் எடுத்து வரச் சொன்னார். அடுத்த வாரம் தயாரான படத்தில் கோட்டு இருந்தது. சட்டைக் கைக்கு வெளியே, முழங்காலில், கொடி கட்டிக் கட்டி நகம் கறுத்த அந்தப் பெரியவரின் சொந்தக் கைகள் இருந்தன. மகன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் தடவினார். "அப்பனேதானுங்க" என்றார். அதற்குப் பிறகு கோட்டு கேட்டு வந்தவர்களிடமெல்லாம் ஸ்டீபன், "கை தெரியற படம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றால் வேறு கடைக்கு அனுப்பிவிடுவார்.

ஸ்டீபன் இறந்த அன்று மதியம், நான் மேரியின் வீட்டில் இருந்தபோது, வேறொரு ஸ்டுடியோக்காரர் போஸ்டரின் மாதிரியைக் கொண்டுவந்தார். ஸ்டீபன் நீலக் கோட்டில் இருந்தார். கைகள் வெண்ணெய்போல இருந்தன. மேரி வெகுநேரம் பார்த்தார். "இது யாரு கைங்கண்ணா?"

மாற்றச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"கோட்டு இருக்கட்டும். எனக்கும் ஒரு நாள் அவரை அப்படிப் பாக்க ஆசைதான். கை மட்டும் அவரோடதா இருக்கணும்ணா. இந்தக் கையோட அவரைச் செவுத்துல ஒட்டாதீங்க."

வீட்டுக்குப் போய் என் மகளின் திருமண ஆல்பத்தைப் புரட்டினேன். பந்திக்குக் காத்திருந்த ஸ்டீபனை அவருடைய உதவியாளர் எடுத்த படம் ஒன்று இருந்தது. கேமராவை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்திருந்தார். படம் வெட்டும் கட்டர் பட்டுப் பிளந்த வலது கட்டைவிரல் நகம் தெளிவாகத் தெரிந்தது. போஸ்டருக்காக அந்தப் படத்திலிருந்து கையை வெட்டியெடுத்தபோது கேமராவும் கூடவே வந்துவிட்டது. மேரி, "அது இல்லாம அவரு எங்க போனாரு? இருக்கட்டும்" என்றார். தேவாலய வாசலில் நீங்கள் பார்த்த போஸ்டர் அதுதான். கோட்டு போட்டவர் மடியில் ஏன் கேமரா என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

அந்த இரண்டு அச்சுப் படங்களையும் மேரி எனக்குத் தந்துவிட்டார். இரண்டாவதை என் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். முகம் யாருடையது என்று வருபவர்கள் கேட்கிறார்கள். நான் கையைக் காட்டுகிறேன்.