எண்ணெய் படாத சீட்டு

சிதம்பரத்து வீட்டு ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த பெரியப்பாவின் அம்பாசிடரை அவர் மகன் கடலூருக்குக் கொண்டுவந்து, டிங்கர் வேலை பார்த்து, பெயின்ட் அடித்து, வாசலில் நிறுத்தி, "நம்ம குடும்பப் பாரம்பரியம்டா" என்றான். கதவைத் திறந்ததும் ரெக்சினும் பெட்ரோலும் கலந்த அந்தப் பழைய வாடை அடித்தது.

பாரம்பரியமாம். அந்த வீட்டில் தினமும் விடியுமுன் என் அம்மா கிணற்றுத் தண்ணீர் இறைத்து காரைக் குளிப்பாட்டுவாள், புளி போட்டு பம்பரைத் துலக்குவாள், விபூதி தொட்டு விளக்குக் கண்ணாடியைத் துடைப்பாள், அதன் பிறகுதான் எங்களுக்குக் காப்பி. பெரியப்பா வெற்றிலையை மென்றபடி வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஏறிப் போவார். பூசத்துக்கு வடலூர் போனால் காரில் அவரும் அவருடைய கிளப் சிநேகிதர் ஒருவரும், பஸ்ஸில் நின்றுகொண்டு நாங்கள். "பொம்பளைங்க ஏறுனா தல எண்ணெ சீட்டுல ஒட்டிக்கும்" என்பார். அவருடைய வழுக்கையில் வழிந்த எண்ணெய்க்கு மட்டும் சீட்டில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருக்கும்.

"ஏறுங்க சித்தி, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்று பெரியப்பா மகன் என் அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான். போட்டோ எடுத்தாயிற்று. எல்லோரும் காரைச் சுற்றி வந்து பெரியப்பாவின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் இறங்கவில்லை. கண்ணாடியைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள்.

"இத உள்ளேருந்து எப்புட்றா தொறக்கறது?"