மதர்போர்டுக்குப் பொருத்தம் பார்த்தோம்

இன்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் கம்ப்யூட்டருக்குச் சாமான் வாங்கினோம். மகள் கவிதா தானே வீட்டில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டப்போகிறாளாம். நான் பை தூக்கும் ஆள்.

“இந்த போர்டுக்கு இந்த ப்ராசசர் சேருமா?” என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாள்.

“பாஸ், ஜாதகத்தையும் காட்டிடுங்க. பத்துப் பொருத்தமும் பார்க்காம எம்மக எடுக்க மாட்டா,” என்றேன். கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பவர் சப்ளை கனமானதாக எடுத்தாள். “இங்க இடிக்கிற இடிக்கு மட்டமானது தாங்காதுப்பா.” பிறகு பெரிய திரை. எழுத்து பெரிதாக இருக்கும் கீபோர்டு.

“உன் கண்ணு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு லா இவ்வளவு பெருசு?”

“எனக்கு இல்லப்பா. உங்களுக்கு.”

சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டதாம். அடுத்த மாதம் போகிறாளாம்.

“டெய்லி ஈமெயில் போடுவேன். நீங்க பதில் போடணும். அதான் சீக்கிரம் கெட்டுப்போகாததா எடுத்தேன்.”

அவள் அம்மா தவறிப்போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்வரை எனக்கு ஒரு கிண்டலும் வரவில்லை.

சாயங்காலமே பூட்டி முடித்துவிட்டாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து இந்தப் பதிவை அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஒரு விரலால் தட்டுகிறேன்.

பத்து வருஷம் தாங்கும் என்றார் கடைக்காரர். நான் எத்தனை நாள் தாங்குவேன் என்று யாரும் கேட்கவில்லை.

இதைப் படிக்கிற நீங்களும் கீழே எதையாவது எழுதிப் போடுங்கள். சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை, திரை பெருசுதான்.