வாசல் வரைக்கும் வந்த ரயில்

என் தம்பி பிறந்தபோது எனக்கு எட்டு வயது. அவன் முகத்தை நான் பார்த்தது அவனுக்குப் பத்து மாதம் ஆன பிறகுதான். இடையில் ஒரு ரயில் பாதையே காணாமல் போயிருந்தது.

நாங்கள் இருந்தது மொரப்பூரில். பெரிய லைனில் மெயில் வண்டிகள் எங்களை மதிக்காமல் பறந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே சின்ன லைன் ஒன்று தர்மபுரி, பாலக்கோடு என்று ஊர் ஊராக நின்று விசாரித்துக்கொண்டு போகும். அந்தச் சின்ன வண்டிகளின் இன்ஜின் ஷெட்டில் அப்பா பழுதுபார்க்கும் பிட்டர். அம்மாவின் ஊர் அதே லைனில், பாலக்கோட்டுக்கு அப்பால் ஒரு சின்ன ஸ்டேஷன். தாத்தா அங்கே புளி வியாபாரம் செய்தார். சுற்றுவட்டாரத்துப் புளியெல்லாம் அவர் வீட்டு முன்னால் வந்து இறங்கி, மூட்டையாகி, எதிரே நிற்கும் வண்டியில் ஏறும். வீட்டு வாசலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டிப் பாதைதான். அம்மா பிரசவத்துக்குப் போனதும் அந்த வண்டியில்தான். பள்ளிக்கூடம் கெடக்கூடாது என்று என்னை அப்பாவிடமும் அத்தையிடமும் விட்டுவிட்டுப் போனாள். மூன்றே மாதம் என்று சொல்லியிருந்தாள்.

அதற்குள் யுத்தம் எங்கள் ஊர்வரை வந்துவிட்டது. குண்டு ஒன்றும் விழவில்லை. சண்டைக்கு இரும்பு வேண்டும், சின்ன லைனைப் பிடுங்கி எடுங்கள் என்று உத்தரவு வந்தது, அவ்வளவுதான். அதுவரை அந்தத் தண்டவாளத்தில் ஓடும் இன்ஜின்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஆட்களையே தண்டவாளத்தைக் கழற்றவும் அனுப்பினார்கள். அப்பாவும் போனார். இரண்டு மாதம் அந்தக் கூட்டத்தோடு ஊர் ஊராகத் தங்கினார். திரும்பி வந்தபோது தாடி வளர்ந்து, உள்ளங்கையெல்லாம் காய்த்துப்போயிருந்தது. அம்மாவைப் பார்த்தீர்களா, பாப்பாவைப் பார்த்தீர்களா என்று நான் காலைக் கட்டிக்கொண்டு கேட்டேன். குளிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று அவர் அத்தையைக் கேட்டார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளைப் புருஷன் வீட்டார் போய் முறையாக அழைத்து வர வேண்டும். அப்பா இன்றைக்கு நாளைக்கு என்று நாளைக் கடத்தினார். அத்தைக்குப் பொறுக்கவில்லை. சொந்தக்காரர் ஒருவரைச் சேலையும் குழந்தைக்குச் சட்டையும் கொடுத்து அனுப்பினாள். அவர் போன கையோடு திரும்பி வந்து, அம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

“ரயிலைக் கழட்டுனாருல்ல, அவரையே ரயில்ல வந்து கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க.”

இதைக் கேட்டு அத்தை வாயில் அடித்துக்கொண்டாள். வேறு யாராக இருந்தாலும் கோபம் வந்திருக்கும், இல்லை அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சமாதானம் பேசியிருப்பார்கள். அப்பா ஷெட்டுக்காரர். அவர் அதை மேலிடத்திலிருந்து வந்த வேலை உத்தரவாக எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே முற்றத்தில் சாக்கை விரித்து, ஒரு பித்தளைக் குழாய்த் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் குழாய்தான் ஒரு குட்டி ரயில் இன்ஜினுக்குக் கொதிகலன் ஆயிற்று. ஓட்டை விழுந்த சொம்பும் கால் உடைந்த குத்துவிளக்கும் உருகிச் சக்கரங்கள் ஆயின. பிஸ்டன் ஓடும் உருளையை, சின்ன லைன் போனபின் அவரை மாற்றியிருந்த பெரிய லைன் ஷெட்டில் ஒரு சிநேகிதரின் லேத்தில் கடைந்து வாங்கினார். மிச்சமெல்லாம் அரம்தான். வேலை முடிந்து வந்ததும் வெளிச்சம் இருக்கும் வரை ராவுவார். முற்றமெல்லாம் பித்தளைத் தூள் மினுங்கும். நான் அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வேன்.

“பொண்டாட்டியக் கூட்டியாடான்னா, குத்துவெளக்க ராவிக்கிட்டு உக்காந்திருக்கான்” என்று அத்தை வாசலைக் கடந்துபோகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

முதல் தடவை கொதிக்க வைத்தபோது மூட்டிலிருந்த ஈயப் பற்று விட்டுப்போய், ஆவி சீறி அப்பாவின் முன்கை வெந்துவிட்டது. ஈயம் தாங்காது, வெள்ளிதான் தாங்கும் என்றார். வெள்ளிக்கு எங்கே போவது? தன் இடுப்பிலிருந்த அரைஞாணைக் கழற்றி ஆசாரியிடம் கொடுத்தார். வெள்ளி அரைஞாண் இல்லாமல் கறுப்புக் கயிற்றோடு ஒரு ஆம்பிள்ளை திரிவதைப் பார்த்து அத்தை அழுதேவிட்டாள். ஆனால் பற்று நின்றது. அன்று சாயங்காலம் இன்ஜின் முற்றத்தில் செங்கல்மேல் நின்றபடியே சக்கரங்களைச் சுற்றியது. அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். இனி அம்மா வந்துவிடுவாள் என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

எனக்கு அம்மா வேண்டியிருந்தது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அத்தை தலை பின்னினால் மதியத்துக்குள் அவிழ்ந்துவிடும். அம்மாவின் பழைய சேலை ஒன்றை நான் தலையணைக்குள் திணித்து வைத்திருந்தேன். அதில் அவள் வாசனை போய், வெறும் பஞ்சு வாசனை வர ஆரம்பித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அரம் கீச்சிடும்போதெல்லாம் அம்மா ஒரு மைல் கிட்டே வருகிறாள் என்று கணக்குப் போட்டுக்கொள்வேன்.

இன்ஜின் ஒரு முழம்கூட இராது. அதற்கு ஒரு மரப்பெட்டி, தோளில் மாட்ட வார். பெட்டி கட்டும் இரும்புப் பட்டையை நிமிர்த்திக் கட்டைகளில் பதித்து, மூன்று மூன்று அடியாக எட்டுத் துண்டுத் தண்டவாளம். அவற்றை ஒன்றோடொன்று கோத்தால் நீளும், கழற்றினால் ஒரு கட்டாக அக்குளில் அடங்கும். விளக்குக்கு ஸ்பிரிட். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, கொதிகலனுக்கு ஆகாது என்று மழைத் தண்ணீரைப் பிடித்து வடிகட்டி ஒரு பாட்டிலில் அடைத்தார். பாட்டிலைச் சுமக்கும் பொறுப்பு எனக்கு.

பஸ்ஸில் கிளம்பினோம். பெட்ரோல் பஞ்சத்தில் பஸ் எல்லாம் அப்போது கரிவாயுவில் ஓடின. மேட்டைக் கண்டால் நின்றுவிடும், இறங்கித் தள்ள வேண்டும். அப்பா பெட்டியைக் கீழே வைக்காமல் ஒரு கையால் தள்ளினார். பாலக்கோட்டில் இறங்கிப் பழைய ரயில் பாதை மேலேயே நடந்தோம். ஜல்லியில் குறுக்குக் கட்டைகள் கிடந்த தடம் மட்டும் வரிவரியாக இருந்தது. அப்பா அதைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

தாத்தா வீட்டு முன்னால் ஒரு மூட்டைகூட இல்லை. அவர் எழுந்து நின்று, “வாங்க மாப்ள” என்றார். பெரியம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அம்மா கதவருகில் நின்றாள், இடுப்பில் தம்பி. நான் ஓடிப்போய் அவள் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் என் தலையைத் தடவிவிட்டு, “யாரு புள்ள இப்படிக் கோணலா வகிடெடுத்தது?” என்றாள். அப்பாவை ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா பெட்டியைத் திறந்து வேலையில் இறங்கினார். வெளிக்கதவிலிருந்து நேராக வீட்டுப்படி வரை தண்டவாளத்தைக் கோத்தார். ஊர்ப் பிள்ளைகள் சுவரெல்லாம் ஏறிக்கொண்டார்கள். தண்ணீர் ஊற்றி, விளக்கைப் பற்றவைத்து, குந்தி உட்கார்ந்து காத்திருந்தார். கொதிகலன் முனக ஆரம்பித்தது. அவர் ஒரு சின்னத் திருகைத் திருப்பியதும் கூவிற்று பாருங்கள், மூக்கடைத்த பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம்! ஆனாலும் அது ரயிலின் கூவல்தான். தாத்தா சட்டென்று திரும்பிப் பழைய ஸ்டேஷன் பக்கம் பார்த்தார்.

வண்டி புறப்பட்டது. முதலில் தயங்கி, பிறகு சக்கரம் பிடித்து, குப்குப்பென்று ஆவிவிட்டு, ஒரு சின்ன நடுக்கத்தோடு வாசலைக் கடந்து, அம்மாவின் காலடியில் படி முட்டி நின்றது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். தம்பி இரண்டு கையையும் நீட்டித் தாவினான். அம்மா குனிந்து அதன் முதுகைத் தொட்டு, சுட்டுவிட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததை நான் பார்த்தேன். இதை யார் வந்து மறுத்தாலும் ஒப்ப மாட்டேன்.

“ஒரு மூட்டைப் புளி ஏறுமா மாப்ள இதுல?” என்றார் தாத்தா. கேலியா, ஆதங்கமா என்று தெரியாத குரல். 

அம்மா தம்பியைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டாள்.

“நாலு நாளு இந்த வூட்டு முன்னாடிதான கழட்டிக்கிட்டிருந்தீங்க? அதோ அங்கதான வண்டியில படுத்திருந்தீங்க? இருபது நாள் பச்சப்புள்ளைய வெச்சிக்கிட்டு நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேங்க. ஒரு எட்டு உள்ள வந்து பாக்கணும்னு தோணலீங்களா?”

அப்பா இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார். 

“பாய்லர்ல தண்ணி கம்மியாயிருச்சி” என்றார்.

 தண்ணீர் என் பொறுப்பு அல்லவா? பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. பஸ் தள்ளும்போது தாகத்தில் இரண்டு வாய் குடித்திருந்தேன். கொல்லைப்பக்கம் மழைத்தொட்டி இருக்கிறதா என்று தேடிக்கொண்டு ஓடினேன். நான் அரைப் பாட்டில் தண்ணீரோடு திரும்பி வந்தபோது அம்மா உள்ளே போயிருந்தாள், அப்பா விளக்கை ஊதி அணைத்திருந்தார்.

மாப்பிள்ளைக்கு உண்டான மரியாதையில் ஒரு குறையும் இல்லை. கோழி அடித்துச் சோறு போட்டார்கள். அம்மாதான் பரிமாறினாள். எனக்குத் தலை பின்னிவிட்டாள், கண் இழுக்கும்படி இறுக்கமாக. அந்தப் பின்னலை நான் நான்கு நாள் அவிழ்க்க விடவில்லை. கிளம்பும்போது, “கொழந்தைக்குச் சளி இன்னும் வுடலை. பொறவு பாக்கலாங்க” என்றாள். தம்பி விடாமல் அழுததால் இன்ஜினை அங்கேயே விட்டுவிட்டு, காலிப் பெட்டியோடு திரும்பினோம்.

பாதி வழியில் அப்பா ஒரு புளியமரத்தடியில் நின்றார். என்னைப் பார்க்காமல், ஜல்லியைக் காலால் கிளறிக்கொண்டே பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

“ஒவ்வொரு போல்ட்டுக்கும் அந்த வாசலைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன் கண்ணு. கொழந்த அழுவுற சத்தம் கேக்கும். ஒங்க தாத்தா பொழப்புல மண்ணப் போட்டுட்டு, அந்தக் கையாலயே அவரு சோத்தை எப்படி அள்ளித் திங்கறது? மொகத்தைக் காட்ட வெக்கமா இருந்துச்சி. நாலு நாளும் சோறு எறங்கல எனக்கு.”

நான் யோசித்துப் பார்த்தேன். அடுத்த தடவை இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போகலாம் அப்பா, ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டேன் என்றேன். அவர் சரி என்றார்.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. மறு வருஷம் அத்தை கிணற்றடியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். வீட்டில் உலை வைக்க ஆள் வேண்டுமே என்று அம்மா தானாகவே தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அதன்பின் அப்பாவும் அவளும் முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். சண்டை கிடையாது. அம்மா அவருக்குச் சோறு சூடாகத்தான் போடுவாள், ஆனால் பக்கத்தில் உட்கார மாட்டாள். பண்டிகைக்குத் தாத்தா வீட்டுக்குப் போனால் அப்பா வாசலோடு திரும்பிவிடுவார். என் அப்பாவும் அம்மாவும் வாய்விட்டுச் சிரித்துப் பேச வேண்டும் என்று நான் ஏங்கியிருக்கிறேன். கல்யாணமாகி எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகும் அந்த ஏக்கம் போகவில்லை.

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்து, எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, ஏதோ பேச்சுக்கு நடுவே புளியமரத்தடியில் அவர் சொன்னதை நான் அம்மாவிடம் சொன்னேன். துக்கத்தில் நினைவுக்கு வந்தது, சொன்னேன், அவ்வளவே. அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டாள்.

“வெக்கமா இருந்துச்சின்னு சொன்னாரா?”

“ஆமாம்மா.”

“எப்போ?”

“ரயில் விட்டோமே, அன்னிக்குத் திரும்பி வர்றப்ப.”

 “அந்த மனுசனுக்குத்தான் நாக்கு எழும்பல. ஒனக்குமா புள்ள?” என்றாள்.

 அந்த வார்த்தைகள் அம்மாவிடம் போய்ச் சேர வேண்டியவை என்று எட்டு வயதில் எனக்குத் தெரியாது. என்னிடம் சொன்னதால் எனக்குத்தான் சொன்னார் என்று நினைத்து, பத்திரமாக வைத்துக்கொண்டேன்.