கல் கட்டிய டால்பின் குட்டி

சில வருடங்களுக்கு முன், ஒரு தை மாதக் காலை. பழவேற்காடு முகத்துவாரம் தாண்டி, சித்தப்பாவின் ஃபைபர் படகில் கடலில் இருந்தோம். திமிங்கலம், டால்பின்களைக் காப்பாற்ற நம் நாடும் சில வெளிநாடுகளும் சேர்ந்து நடத்திய திட்டத்துக்காக ஹாலந்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். இங்கிலீஷ் தெரியும் என்று என்னைக் கூடவே அனுப்பிவிட்டார்கள். சித்தப்பாவுக்கு ஒரே கிண்டல். “டச்சுக்காரங்க கல்லறை நம்மூர்லதான் கீதுனு சொல்லு. சொந்தக்காரங்கள பாத்துட்டுப் போவட்டும்” என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை!

பனிமூட்டமோ அப்படியொரு மூட்டம். அந்தப் பெண் படகின் பின்பக்கம் டால்பின்களின் விசிலைப் பிடிக்கத் தண்ணீருக்குள் மைக்கை இறக்கி, ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தது நிழலாகத்தான் தெரிந்தது. முன்பக்கம் நாங்கள் வலையை இழுத்தபோது ஒரு டால்பின் குட்டி சிக்கி வந்தது. அசைவே இல்லை. சித்தப்பாவின் கிண்டலெல்லாம் போன இடம் தெரியவில்லை.

இப்படி மாட்டிச் செத்தால் எங்கள் பக்கம் வெளியே சொல்லமாட்டார்கள். வனத்துறை வழக்காகிவிடுமே என்ற பயத்தில் கல்லைக் கட்டி ஆழத்தில் இறக்கிவிடுவார்கள். சித்தப்பாவும் வலைக்கல்லை அதன் வாலில் கட்டினார். “இன்னா பாத்துனுகீற? கேஸு போட்டா படகு பூடும். அந்தம்மாகிட்ட வாயத் தொறக்காத” என்றார்.

அப்போதுதான் அந்த மூச்சுச் சத்தம். ‘புஸ்’ஸென்று இடப்பக்கம். கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் ஏதோ ஒன்று எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. “தாய்ம்மா அது” என்றார் சித்தப்பா மெதுவாக.

திடீரென்று அந்தப் பெண் எழுந்து வந்து ஹெட்போனை என் காதில் மாட்டினார். நீளமாக ஒரு விசில். அது நின்றதும், சன்னமாக இன்னொன்று. இரண்டாவது விசில் கடலிலிருந்து இல்லை, இந்தப் படகுக்குள்ளிருந்து அடிப்பாகம் வழியாகத் தண்ணீருக்குள் வருகிறது என்றார். ஐயோ! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“சித்தப்பா, அது சாவல! கல்ல அவுரு!”

அவர் நம்பவில்லை. ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். கேட்டவர் முகம் வெளிறிப்போனது. “அடப்பாவி, கூப்புடுதும்மா” என்றவர், முடிச்சை அவிழ்க்கக்கூடப் பொறுக்காமல் கத்தியால் அறுத்தார். மூவருமாகக் குட்டியைத் தண்ணீரில் விட்டோம். பனிக்குள் பெரிதாக ஒரு மூச்சு, கூடவே சின்னதாக ஒன்று. இரண்டும் விலகிப் போயின.

அந்தப் பெண் படகில் கிடந்த கல்லைப் பார்த்தார். சித்தப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

குட்டி செத்துவிட்டது என்று நாங்கள் முடிவு கட்டியது அதைப் பார்த்து அல்ல, எங்கள் பயத்தைப் பார்த்து என்பது இன்றைக்கும் என்னை உலுக்குகிறது.